வைஸ், ப்ரூடன்ட், ஷ்ரூட்: நல்ல முடிவைப் பாராட்ட எந்த ஆங்கிலச் சொல்?

ஆங்கிலம்–தமிழ் அகராதியை எடுத்து வைஸ், சென்சிபிள், ப்ரூடன்ட், ஜுடிஷஸ், ஷ்ரூட், அஸ்ட்யூட், டிஸ்க்ரீட் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். விவேகமான, புத்திசாலித்தனமான, மதிநுட்பம் வாய்ந்த என்று அதே மூன்று நான்கு சொற்கள்தான் மாறி மாறி வரும். அதை நம்பி எழுத உட்கார்ந்தால் வம்பு. ஓய்வுபெறும் தலைமையாசிரியருக்கான வாழ்த்துரையில் அவரை 'ஷ்ரூட்' என்று புகழ்ந்தால், ஆள் காரியக்காரர் போலிருக்கிறதே என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். புதிதாகத் தொழில் தொடங்கும் ஒரு நிறுவனத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது 'ப்ரூடன்ட்' என்று போட்டால், இவர் எதற்கும் துணியமாட்டார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். இரண்டும் பாராட்டுச் சொற்கள்தான். ஆனால் பாராட்டும் குணம் வேறு வேறு.

அலுவலகக் கடிதம், தேர்வுக் கட்டுரை, மொழிபெயர்ப்பு என்று ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏழெட்டுச் சொற்களின் விளக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்லப்போவதில்லை. அது நிற்காது. ஒவ்வொரு சொல்லிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: இந்த அறிவு எதன்மேல் வேலை செய்கிறது? ஆபத்தின்மேலா, அளவின்மேலா, ஆட்களின்மேலா, அல்லது தன் வாயின்மேலேயா?

முதலில் சென்சிபிளையும் வைஸையும் பிரித்துவிடுங்கள்

அன்றாடப் பேச்சில் பெரும்பாலான இடங்களுக்குச் சென்சிபிள் போதும். வானம் இருண்டிருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள், அது சென்சிபிள். பரீட்சைக்கு முந்தின இரவு கண் விழிக்காமல் தூங்குகிறீர்கள், அதுவும் சென்சிபிள். இதற்குப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டாம், அசட்டுத்தனம் செய்யாமல் இருந்தால் சரி. பத்து வயதுச் சிறுமியையும் தாராளமாக 'சென்சிபிள் கேர்ள்' எனலாம். செருப்புக்குக்கூட இந்த அடைமொழி உண்டு. 'சென்சிபிள் ஷூஸ்' என்றால் உயரக் குதிகாலும் பகட்டும் இல்லாத, நடக்க வசதியான காலணி. இந்தத் தொடரிலேயே சொல்லின் இன்னொரு முகமும் தெரிகிறது: நல்லதுதான், ஆனால் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

வைஸ் என்ற சொல்லை ஒரு மனிதர்மேல் வைக்கும்போது அது கனமானது. வயது, அனுபவம், வாழ்க்கையை மொத்தமாகப் பார்க்கும் பக்குவம் எல்லாம் உள்ளே வந்துவிடும். அந்தப் பத்து வயதுச் சிறுமியைப் பற்றி இதைச் சொல்ல வேண்டுமானால் 'வைஸ் பியாண்ட் ஹர் இயர்ஸ்', அதாவது வயதுக்கு மீறிய பக்குவம், என்று கூடவே ஒரு விளக்கத்தைச் சேர்ப்பார்கள். ஆனால் இதே சொல் ஒரு செயலுக்கு வரும்போது லேசாகிவிடும். உணவகத்தில் நீங்கள் மீனைக் கேட்டதும், பரிமாறுபவர் 'வைஸ் சாய்ஸ்' என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். உங்களை ஞானி என்று யாரும் அதில் சொல்லவில்லை. ஆளுக்கு என்றால் கனம், செயலுக்கு என்றால் லேசு என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றச் சொற்களிலும் இந்த வேறுபாடு வந்துகொண்டே இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சென்சிபிள் வேறு, எளிதில் மனம் புண்படுகிற என்று பொருள்படும் சென்சிடிவ் வேறு. பழைய ஆங்கில நாவல்களில் ஒருவர் 'உங்கள் அன்பைப் பற்றி நான் சென்சிபிள்' என்பது போல எழுதியிருந்தால், அதை உணர்ந்திருக்கிறேன் என்று பொருள். இன்று அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது.

அடுத்து, ஆபத்து எங்கே என்று பாருங்கள்: ப்ரூடன்ட்

இந்தச் சொல்லின் லத்தீன் வேர் 'ப்ராவிடென்ஸ்' என்பதன் சுருக்கம். முன்கூட்டிப் பார்ப்பவர் என்று பொருள். மாதச் சம்பளக்காரர்களுக்கு இதன் நெருங்கிய உறவை நன்றாகவே தெரியும்: ப்ராவிடன்ட் ஃபண்ட், சுருக்கமாகப் பி.எஃப். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கும் சொல். தமிழில் அதை வருங்கால வைப்பு நிதி என்கிறோமே, அந்த 'வருங்காலம்' வேர்ச்சொல்லின் பொருளை அப்படியே பிடித்திருக்கிறது. வங்கிகள் வாராக் கடனுக்காக முன்கூட்டியே பணம் ஒதுக்குவதைப் ப்ராவிஷன் என்பார்கள். அதுவும் அதே வேர்தான். அந்த ஒதுக்கீடு உட்பட ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதிகளுக்குப் பெயர் ப்ரூடன்ஷியல் நார்ம்ஸ்.

ஆக, இனி வரக்கூடிய இழப்பு ஒன்று எங்கேயாவது இருந்தால்தான் ப்ரூடன்ட் பொருந்தும். பணம், உடல்நலம், பாதுகாப்பு, சட்டச் சிக்கல் ஆகியவை அதன் வழக்கமான இடங்கள். ஒப்பந்தத்தின் நகலை எடுத்து வைப்பது ப்ரூடன்ட். நண்பனின் தவறை மன்னிப்பது ப்ரூடன்ட் ஆகாது, வைஸ் ஆகலாம். பகைத்துக்கொண்டால் நாளைக்கு வேலை போய்விடும் என்பதற்காக மன்னித்திருந்தால் மட்டும் ப்ரூடன்ட் என்று சொல்லலாம், அப்போது பாராட்டில் ஒரு குத்தலும் சேர்ந்துவிடும்.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒரு விஷயம் 'நிரூபிக்கப்பட்டது' என்று எப்போது கொள்ளலாம் என்பதை விளக்குகிறது. நீதிமன்றம் அதை நம்ப வேண்டும். அல்லது ஒரு 'ப்ரூடன்ட் மேன்' அந்தச் சூழ்நிலையில் அது உண்மை என்று எடுத்துக்கொண்டு செயல்படும் அளவுக்கு அதற்கு வாய்ப்பு இருப்பதாகக் கருத வேண்டும். 2024 ஜூலை முதல் தேதி அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய சாட்சிய அதிநியமம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த ப்ரூடன்ட் மனிதர் பத்திரமாக உள்ளேயே இருக்கிறார். ஏன் 'வைஸ் மேன்' என்று எழுதவில்லை? ஞானியின் அளவுகோலை வைத்தால் எந்த வழக்கும் முடியாது. தன் காரியத்தில் கவனமாக இருக்கும் சாதாரண மனிதரின் அளவுகோல் போதும்.

இன்னொரு வழக்கு இந்தச் சொல்லை இன்னும் தெளிவாகக் காட்டும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஜான் மக்லீன் என்பவர் 50,000 டாலரை இரண்டு அறங்காவலர்களிடம் ஒப்படைத்துவிட்டு இறந்துபோனார். அதில் வரும் வருமானம் மனைவிக்கு. அவர் காலத்துக்குப் பிறகு அசலில் பாதி ஹார்வர்ட் கல்லூரிக்கு, பாதி மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு. அறங்காவலர்கள் அதை உற்பத்தி நிறுவனங்களின் பங்குகளிலும் காப்பீட்டு நிறுவனங்களின் பங்குகளிலும் போட்டார்கள். மதிப்பு வெகுவாகச் சரிந்தது. நஷ்டத்தை அறங்காவலர்கள்தான் ஈடுகட்ட வேண்டும் என்று வழக்கு. 1830-இல் நீதிபதி சாமுவேல் புட்னம் அதை ஏற்கவில்லை. ப்ரூடன்ஸ், டிஸ்க்ரெஷன், இன்டெலிஜென்ஸ் உள்ள மனிதர்கள் தங்கள் சொந்தப் பணத்தை எப்படி நிர்வகிக்கிறார்களோ, அதைப் பார்த்து அறங்காவலரும் நடந்தால் போதும் என்றார். சூதாட்டம் போல அல்லாமல், நிலையாகப் போட்டுவைக்கும் பணத்தை அவர்கள் எப்படிக் கையாள்வார்கள் என்று பார்க்க வேண்டும். வருமானம், அசலின் பாதுகாப்பு இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். என்ன செய்தாலும் அசலுக்கு ஆபத்து இருக்கத்தான் செய்யும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னார். 'ப்ரூடன்ட் மேன் ரூல்' என்று பிற்பாடு பெயர் பெற்ற விதி இதுதான்.

மொழி கற்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ப்ரூடன்ட் என்பது விளைவைப் பார்த்துத் தரும் பட்டம் கிடையாது. முடிவெடுத்த நேரத்தில் தெரிந்ததை வைத்துச் சரியாக யோசித்தாரா என்பதுதான் கேள்வி. ஆகவே 'அவர் ப்ரூடன்ட்டாக முதலீடு செய்தார், ஆனாலும் நஷ்டம் வந்தது' என்று எழுதுவதில் முரண்பாடே இல்லை. ஷ்ரூட்டைப் போட்டு அப்படி எழுதிப் பாருங்கள், வாக்கியம் நொண்டும்.

ப்ரூடிஷ் என்றொரு சொல்லும் இருக்கிறது. ஓசை ஒற்றுமையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆண் பெண் விஷயங்களில் அளவுக்கு மீறி முகம் சுளிப்பவரைக் குறிப்பது அது. வேரும் வேறு.

பிறகு, யாருக்கு லாபம் என்று கேளுங்கள்: ஷ்ரூட்

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஷ்ரூட் ஒருகாலத்தில் வசைச்சொல். ஷேக்ஸ்பியர் காலத்தில்கூடப் பொல்லாத, தொல்லை தருகிற என்ற பொருள் அதற்கு இருந்தது. பிறகு தந்திரமான என்றாகி, மெல்ல மெல்லப் பாராட்டாக மாறியது. பழைய வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை. எதிரில் இருப்பவரின் மனத்தையும் சந்தையின் போக்கையும் படித்து, தனக்கோ தன் கட்சிக்கோ வாய்ப்பாக முடிவெடுப்பவர் ஷ்ரூட். நம் பேச்சில் 'ஆள் பலே கெட்டிக்காரன்' என்று சொல்லும்போது பாதி மெச்சுதலும் பாதி ஜாக்கிரதையும் கலந்திருக்குமே, அந்தத் தொனி.

வைஸுக்கும் ஷ்ரூட்டுக்கும் உள்ள எல்லைக்கோட்டைப் பார்க்க விவிலிய மொழிபெயர்ப்புகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் ஓர் உக்கிராணக்காரன், அதாவது எஜமானின் சொத்தை நிர்வகிப்பவன், கதை வருகிறது. எஜமானின் சொத்தை வீணடித்ததாக அவன்மேல் புகார். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும், எஜமானுக்குக் கடன்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெய் பாக்கி வைத்தவனிடம் ஐம்பது என்றும், நூறு கலம் கோதுமை பாக்கி வைத்தவனிடம் எண்பது என்றும் சீட்டை மாற்றி எழுதச் சொல்கிறான். நாளைக்கு நடுத்தெருவுக்கு வந்தால் இவர்கள் வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள் அல்லவா! எஜமானோ அவனைத் திட்டாமல் மெச்சுகிறார். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அவன் 'புத்தியாய்' நடந்துகொண்டான் என்கிறது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியமான கிங் ஜேம்ஸ் பதிப்பு 'வைஸ்லி' என்று போடுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த என்.ஐ.வி. (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்) பதிப்பு அதை 'ஷ்ரூட்லி' என்று மாற்றிவிட்டது.

பாம்புகளைப் போல இருங்கள், புறாக்களைப் போல இருங்கள் என்று மத்தேயு 10:16-இல் வரும் வசனத்திலும் இதே மாற்றம். கிங் ஜேம்ஸில் பாம்புகள் 'வைஸ்', என்.ஐ.வி.யில் 'ஷ்ரூட்'. கிரேக்க மூலத்தில் இரண்டு இடங்களிலும் 'ஃப்ரோனிமோஸ்' என்ற சொல்லும் அதன் வினையடை வடிவமும்தான் இருக்கின்றன. பாறையின்மேல் வீடு கட்டிய மனிதனுக்கும், விளக்குக்கு எண்ணெய் எடுத்து வந்த ஐந்து கன்னிகைகளுக்கும் மத்தேயுவில் வருவது அதே ஃப்ரோனிமோஸ். ஆனால் அந்த இரண்டு இடங்களில் என்.ஐ.வி. வைஸை மாற்றவில்லை, அப்படியே விட்டுவிட்டது. வீடு கட்டியவன் யாரையும் முந்தவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. உக்கிராணக்காரனின் புத்தியோ பிறர் பணத்தில் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்ட புத்தி. கிரேக்கம் ஒரே சொல்லில் அடக்கியதை இன்றைய ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது, பிரிக்கும் கோடு 'யாருக்கு லாபம்' என்ற கேள்விதான்.

எனக்கு இந்த விஷயத்தில் என்.ஐ.வி.யின் பக்கம்தான் சாய்வு. 'வைஸ்லி' என்று படிக்கும்போது எஜமான் ஏன் திருட்டுத்தனத்தை ஞானம் என்கிறார் என்று குழப்பம் வருகிறது. 'ஷ்ரூட்லி' என்றதும் அது போய்விடுகிறது.

ஷ்ரூட்டுக்கு இரண்டு பக்கமும் அக்கம்பக்கத்தினர் உண்டு. ஒருபுறம் அஸ்ட்யூட். நிலைமையைச் சட்டென்று சரியாகப் புரிந்துகொள்ளும் கூர்மை அதில் முன்னால் நிற்கும். சுயலாபம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'அஸ்ட்யூட் அப்சர்வர்' என்று ஒரு பத்திரிகையாளரை எழுதினால் அவர் மகிழ்வார். பரிந்துரைக் கடிதத்தில் ஷ்ரூட்டா அஸ்ட்யூட்டா என்று தயக்கம் வந்தால் அஸ்ட்யூட்டையே போடுங்கள். மறுபுறம் கன்னிங். அதில் ஏமாற்று நுழைந்துவிட்டது. கன்னிங்கும் முன்னொரு காலத்தில் கைத்திறனைப் புகழும் சொல்லாகத்தான் இருந்தது. கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் கைதேர்ந்த வேலைக்காரரை அப்படித்தான் குறிக்கிறார்கள். இன்று ஒரு மனிதரைப் பற்றி எழுதினால் திட்டுதான். நரிக்கு எழுதலாம்.

அளவுக்கு ஜுடிஷஸ், வாய்க்கு டிஸ்க்ரீட்

ஜுடிஷஸ் பெரும்பாலும் ஆளைவிடச் செயலுக்கே வரும். எதை எவ்வளவு, எப்போது, எங்கே என்று நிறுத்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. 'ஜுடிஷஸ் யூஸ் ஆஃப் ஆன்டிபயாட்டிக்ஸ்' என்று மருத்துவர்கள் எழுதுவார்கள்: தேவைப்படும் நோய்க்கு, தேவையான அளவு, தேவையான நாள் மட்டும். சமையலில் பெருங்காயத்தை ஜுடிஷஸாகப் போடலாம். அளவு என்ற ஒன்று இல்லாத இடத்தில் இந்தச் சொல் ஒட்டாது. நீதித்துறை சார்ந்த என்பதற்கு ஜுடிஷியல் என்று தனிச்சொல் இருக்கிறது. ஜுடிஷியல் முடிவு ஒன்று ஜுடிஷஸாக இல்லாமல் போவதும் உண்டு, மேல்முறையீடுகள் அதற்காகத்தான்.

டிஸ்க்ரீட் என்பது வாயைக் கட்டுப்படுத்தும் அறிவு. எதை யாரிடம் சொல்லக்கூடாது, எப்போது சத்தமில்லாமல் நகர்ந்துவிட வேண்டும் என்று தெரிந்திருப்பது. குடும்ப மருத்துவர், வழக்கறிஞர், கல்யாணத் தரகர் ஆகியோரிடம் எதிர்பார்க்கும் குணம். இதே ஓசையில் டிஸ்க்ரீட் என்று இன்னொரு சொல் உண்டு, தனித்தனியான என்று அதற்குப் பொருள். கணிதம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். எழுத்துக்கூட்டலில் குழப்பம் வந்தால் ஒரு வழி: இரண்டு 'இ'யும் ஒட்டி நின்றால் ரகசியம் காப்பவர். நடுவில் 'டி' புகுந்து அவற்றைப் பிரித்துவிட்டால் தனித்தனி.

இதன் பெயர்ச்சொல்லான டிஸ்க்ரெஷனுக்கு இரட்டை வேடம். ரகசியம் காப்பதும் டிஸ்க்ரெஷன்தான். தன் மதிப்பீட்டின்படி முடிவெடுக்கும் உரிமையும் டிஸ்க்ரெஷன்தான். அரசியலமைப்பின் 163-ஆம் பிரிவில் ஆளுநரைப் பற்றி வருவது இரண்டாவது வகை. செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் இதைப் பார்த்து நிதானிக்க வேண்டும். ஆளுநரின் டிஸ்க்ரெஷன் என்பதை 'ஆளுநரின் விவேகம்' என்று எழுதினால் அது புகழுரையாகிவிடும். மூலத்தில் இருப்பது விருப்புரிமை.

சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்

சொல் எதைப் புகழ்கிறது என்று பிடிபடாவிட்டால், அது இல்லாதவரை எப்படித் திட்டுகிறார்கள் என்று பாருங்கள். இம்ப்ரூடன்ட் என்றால் பின்விளைவை யோசிக்காதவர். இன்ஜுடிஷஸ் என்றால் சந்தர்ப்பமோ அளவோ தெரியாமல் செய்த காரியம், பெரும்பாலும் ஒரு பேச்சு. இன்டிஸ்க்ரீட் என்றால் உளறுவாய். இன்டிஸ்க்ரெஷன் என்று பெயர்ச்சொல்லாக்கி, அரசியல்வாதியின் இளமைக்கால விவகாரங்களை நாசூக்காகக் குறிப்பிடும் வழக்கமும் ஆங்கிலப் பத்திரிகைகளில் உண்டு. ஷ்ரூட்டுக்கு முன்னொட்டு போட்ட எதிர்ச்சொல்லே கிடையாது. எதிரில் நிற்பவர் நைவ், விவரம் தெரியாத அப்பாவி. இதிலிருந்தே ஷ்ரூட்டுக்கு எதிர்ப்பதம் நேர்மையின்மையோ அவசரமோ ஆகாது என்பது தெரிந்துவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த வழி காலை வாரும். இன்சென்சிபிள் என்றால் சென்சிபிள் இல்லாதவர் என்று பொருளில்லை, நினைவிழந்து கிடப்பவர். அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டுமானால் சில்லி, ஃபூலிஷ் என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஆளை வைத்துப் பழகிப் பாருங்கள்

ஒரு ஜவுளிக்கடைக்காரர் இரண்டாவது கடை திறக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைத்தெரு நடுவில் பளபளப்பான ஓர் இடம் கிடைக்கிறது, வாடகை கட்டுபடியாகாது, விட்டுவிடுகிறார்: சென்சிபிள். வேறு இடத்தை முடிக்கும் முன் ஆறு மாத வாடகையையும் சம்பளத்தையும் தனியே எடுத்து வைக்கிறார்: ப்ரூடன்ட். பட்டு எவ்வளவு, ரெடிமேட் எவ்வளவு, பள்ளிச் சீருடை எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துச் சரக்கு எடுக்கிறார்: ஜுடிஷஸ். புதிய பேருந்து நிலையம் வந்ததும் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே கணித்துவிடுகிறார்: அஸ்ட்யூட். பக்கத்துக் கடைக்காரரின் பிள்ளைகள் தொழிலுக்கு வரமாட்டார்கள் என்று மோப்பம் பிடித்து, அவசரப்படாமல் காத்திருந்து, அந்த இடத்தைக் குறைந்த விலைக்கு முடிக்கிறார்: ஷ்ரூட். அந்த வீட்டுக் கடன் தொல்லையைப் பற்றித் தெரிந்தும் கடைத்தெருவில் மூச்சு விடவில்லை: டிஸ்க்ரீட். விலையை இறக்குவதற்காக அந்தக் கட்டடத்தில் வில்லங்கம் இருப்பதாகப் புரளியைக் கிளப்பியிருந்தால்? கன்னிங், அதற்கும் மேலே. கடைசியில், தன் மகள் இந்தக் கடையெல்லாம் எனக்கு வேண்டாம், கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றதும் மறுபேச்சுப் பேசாமல் அனுப்பி வைக்கிறார். இதற்கு மேலே சொன்ன எந்தச் சொல்லும் எட்டாது. வைஸ்தான்.

இதே போல உங்களுக்குத் தெரிந்த ஒருவரை மனத்தில் வைத்து, எட்டுச் சொல்லுக்கும் எட்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள். பிறகு சொற்களை இடம் மாற்றிப் போட்டு, எங்கே உறுத்துகிறது என்று பாருங்கள். உறுத்தாத இடங்களும் இருக்கும். ஆறு மாத வாடகையை எடுத்து வைத்தவரைச் சென்சிபிள் என்றாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எல்லைகள் வேலி போட்டவை அல்ல.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம்

'பி சென்சிபிள்!' என்று யாரிடமாவது சொன்னால் அது கண்டிப்பு. குழந்தையிடம் சொல்லலாம், மேலாளரிடம் கூடாது. மேலாளரின் யோசனை உங்களுக்குப் பிடிக்கவில்லையா? 'இது வைஸா என்று எனக்குத் தெரியவில்லை' என்ற மாதிரி ஆங்கிலத்தில் இழுப்பது பிரிட்டிஷ் பாணி. கேட்க மென்மையாக இருக்கும்; உள்ளே முழு மறுப்பு இருக்கும். அவர்கள் உங்கள் திட்டத்தை 'பிரேவ்' என்று வர்ணித்தால் சந்தோஷப்படாதீர்கள், கைவிடச் சொல்கிறார்கள்.

'யூ வுட் பி வைஸ் டு…', 'யூ வுட் பி வெல் அட்வைஸ்ட் டு…' என்று தொடங்கும் வாக்கியங்கள் அறிவுரை வேடம் போட்ட மிரட்டலாக இருக்கக்கூடும். வழக்கறிஞர் கடிதங்களில் அடிக்கடி பார்க்கலாம். நல்லெண்ணத்தோடு சொல்ல வேண்டுமானால் 'இட் மைட் பி வைஸ் டு…' என்று ஆளை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், சூடு குறைந்துவிடும். அமெரிக்காவில் ஒருவரை 'வைஸ் கை' என்றால் நம்மூர் அதிகப்பிரசங்கி.

படிக்கத் தெரிந்தால் போதும், எழுத வேண்டாம்

மிச்சம் இருப்பவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சகேஷஸ்: மோப்பக் கூர்மையைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பழைய புத்தகங்களில் நாய்க்கும் யானைக்கும்கூட வரும், இன்று எழுதினால் பகட்டாகத் தெரியும். பெர்ஸ்பிகேஷஸ் அதைவிடப் பகட்டு. சர்க்கம்ஸ்பெக்ட்: நாலாபுறமும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பவர், தூதரகச் செய்திகளில் பொருத்தமாக இருக்கும். கேனி: ஸ்காட்லாந்துச் சொல், காசு விஷயத்தில் உஷார், ஆனால் நியூகாசில் பக்கம் ஒருவரைக் கேனி என்றால் இனிமையானவர் என்று அர்த்தம். அன்கேனி இதன் எதிர்ச்சொல் அல்ல, அது அமானுஷ்யமான உணர்வு. நவுஸ்: பிரிட்டிஷ் பேச்சு வழக்கு, ஒரு துறையின் நெளிவு சுளிவு தெரிந்திருப்பது. எக்ஸ்பீடியன்ட்: இப்போதைக்குக் காரியம் ஆகும், நியாயமா என்று கேட்காதே என்ற தொனி. பாராட்டு என்று நினைத்து எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக ஜட்ஜ்மென்ட் என்ற சொல். நல்ல முடிவெடுக்கும் திறன் என்ற பொருளில் எழுதும்போது அதைப் பன்மையாக்க வேண்டாம். 'குட் ஜட்ஜ்மென்ட்' என்று ஒருமையிலேயே விடுங்கள். அந்தத் திறன் உள்ளவரை ஜட்ஜ்மென்ட்டல் என்று எழுதிவிடாதீர்கள், அது எடுத்த எடுப்பிலேயே பிறரைக் குறை சொல்பவரைக் குறிக்கும். எழுத்துக்கூட்டலில் 'ஜி'க்குப் பின் 'இ' வருமா வராதா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் வராது. பிரிட்டனில் இரண்டும் உண்டு, ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு என்றால் அங்கேயும் 'இ' இல்லாமல்தான் எழுதுவார்கள். இந்திய நீதிமன்றங்களிலும் அப்படியே.